பேகர் என்றொரு சொல்

இருபத்திரண்டு என்று கூப்பிட்டார்கள். என்னுடைய துண்டில் முப்பத்தொன்று. இடையில் எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம், இப்போது ஒன்பதே முக்கால், இந்திக வருகிற குருநாகல் பஸ் பத்தரைக்குத்தான் ஸ்டாண்டுக்குள் நுழையும், ஆக என் முறை வருகிற நேரத்தில் அவன் இன்னும் வழியில்தான் இருப்பான், அது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. வருகிறேன் என்றுதான் சொன்னான். வந்து கையெழுத்து வைக்கிறேன் என்றான். கலியாணம் கட்டாதவர்கள் என்றால் தாயும் தகப்பனும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டால்தான் தகப்பன் பெயரைப் போடுவார்களாம், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு. பிறந்து நாற்பத்திரண்டு நாளுக்குள் இந்தப் பதிவுக் கந்தோரில் பதிய வேண்டும், இன்றைக்கு முப்பத்தொன்பது. மடியில் கிடப்பவளுக்கு இது எதுவும் தெரியாது, நித்திரையிலேயே வாயைக் குவித்துக் காற்றைச் சப்புகிறாள், அவளுடைய தலை வியர்த்து என் முழங்கை நனைந்துவிட்டது, மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று எதிலோ இடிக்கிறது, நான் அந்த டக்கை எண்ணத் தொடங்கி, நூற்றுப் பதினேழில் விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்தச் சொல் மறுபடி வந்துவிட்டது. ஐந்து வாரமாக இப்படித்தான். பால் கொடுக்கும்போது, துணி காயப்போடும்போது, பல்லில் சிக்கிய நார் மாதிரி. இனம் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்? என்னைப் பற்றிக் கேட்டால் சொல்லிவிடலாம், லொரேனா பல்தசார், முப்பத்தாறு வயது, பாசிக்குடாவில் ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை, இனம் பேகர். இவளைப் பற்றிக் கேட்டால்?

பேகர் என்ற சொல்லை நான் முப்பத்துமூன்று வயது வரைக்கும் திரும்பிப் பார்த்ததே இல்லை. அது மூக்கு மாதிரி முகத்தில் இருந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவைத்தவள் ஒரு ஒல்லாந்துக்காரி, அறுபது வயதிருக்கும், தனியாக வந்து ஐந்து நாள் தங்கினாள், என் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியைப் பார்த்துவிட்டு, பல்தசார் என்றால் நீ எந்த ஆட்கள் என்று கேட்டாள். நான் பேகர், உங்கள் ஊர்க்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஆட்கள் என்று சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், அவள் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். "பேகரா? நானும் பேகர்தானே. என் பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரனும் பேகர்தான், போன வருஷம் பேப்பர் கிடைச்சது. எங்கட நாட்டில எல்லாருக்கும் ஒரு பேகர் இலக்கம் இருக்கு, வரி கட்ட, மருந்து எடுக்க." எங்கள் சொல்லை அவள் தன் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த மாதிரி இருந்தது. குடிமகன், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்றாள். நாட்டில் இருக்கிற ஒரு ஆள். நான் சிரித்துக்கொண்டே அறைச் சாவியைக் கொடுத்தேன், ஆனால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. எங்கள் மெனுவில் இறைச்சி ரொட்டிக்கும் பேகர் என்றுதான் பெயர், உள்ளே சமையலறையில் குசினிக்காரர் "பேகர் ரெண்டு, சீஸ் போட்டு!" என்று கத்தும்போதெல்லாம் வழக்கமாக எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், பழைய பகிடி, நானும் சிரிப்பேன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. இந்திகவும் முதன்முதல் என்னிடம் பேசியது அந்தப் பகிடியைத்தான். ஏசி பூட்ட மூன்று மாத வேலைக்கு வந்தவன், மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்த பேகரும் நீங்களும் சொந்தமா?" என்றான். வேறு யாரும் கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், அந்த முகம் அப்படி, ஏணியில் ஏறி நின்றுகொண்டு கீழே எதையாவது விசாரித்துக்கொண்டே இருக்கிற முகம்.

இருபத்து நாலு. ஒரு அம்மா இரட்டைப் பிள்ளைகளோடு எழும்பிப் போகிறா, ஒன்றைத் தன் தோளில், மற்றதைத் தங்கச்சியின் தோளில். இரண்டுக்கும் ஒரே பதில்தான், அவவுக்குச் சுகம். இந்திக கேட்ட கேள்விக்குப் பிறகு நான் கைபேசியில் தேடினேன், அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான், பிறகு எனக்காக. சொந்தம்தான். நெருங்கிய சொந்தம். பேர்க் என்றால் கோட்டை, மதில் போட்ட ஊர். ஹம்பேர்க் என்று ஜெர்மனியில் ஒரு ஊர், அந்த ஊர்ப் பெயரிலிருந்து அந்த இறைச்சி ரொட்டிக்கு ஹம்பேகர் என்று பெயர் வந்தது, தலையை வெட்டினால் பேகர் மிஞ்சும். நாங்கள் வந்தது அதே கோட்டையிலிருந்து, வேறு வாசலால். மதிலுக்குள் வீடு உள்ளவன் பேகர். பிறகு ஒல்லாந்துக் கம்பனி இங்கே வந்தபோது, கம்பனியிடம் சம்பளம் வாங்குகிறவன் ஒரு சாதி ஆள், சம்பளம் வாங்காமல் ஊருக்குள் கடை போட்டு, ரொட்டி சுட்டு, செருப்புத் தைத்து இருந்தவன் பேகர். அதாவது வேலையில் இல்லாதவன். நான் அதை வாசித்துவிட்டு ரிசப்ஷன் மேசையில் தனியாகச் சிரித்தேன். பிறகு வெள்ளைக்காரன் வந்து கம்பனிக்காரன் போய்விட, மிஞ்சிய எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் ஏறிக்கொண்டார்கள், எங்களை மாதிரிப் போர்த்துக்கீசப் பெயர் உள்ளவர்களும். இனம் என்ன என்று கேட்டதற்கு நாங்கள் விலாசத்தைச் சொல்லியிருக்கிறோம், இருநூறு வருஷமாக. இந்த ஜன்னலால் எட்டிப் பார்த்தால் வாவிக் கரையில் அந்தக் கோட்டை மதில் தெரிகிறது, கறுத்து, புல் முளைத்து. எங்கள் ஆட்கள் யாரும் அதற்குள் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. நாங்கள் டச் பார் என்கிற ஊரில் இருந்தோம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், மதிலே இல்லாத இடத்தில், அந்த மார்கழிக் காலையில் கடல் உள்ளே வந்தபோது எங்கள் வீட்டில் கதவு நிலை மட்டும்தான் மிஞ்சியது. அதோடு டடாவும் போய்விட்டார், என் தகப்பன். பிறகு பனிச்சையடியில் வீடு கொடுத்தார்கள், வரிசையாக, எல்லாம் ஒரே அளவு. மதிலுக்குள் வீடு உள்ளவன். என்ன சொல் பார்.

மம்மி வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டா. அவவுக்கு நாங்கள் பறங்கி. தமிழில் அதுதான், பிறகென்ன என்பா. மம்மிக்கும் மாமிக்கும் சண்டை மூண்டால் மட்டும் அந்தப் பழைய போர்த்துக்கீசப் பாஷை வாயில் வரும், சமாதானமானதும் தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள், அதனால் எனக்கு அந்தப் பாஷையில் ஏச்சு மட்டும்தான் தெரியும். பறங்கி எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சுகாதாரப் பாடம் நடக்கும்போது, முந்திய காலத்தில் பறங்கிப் புண் என்று ஒரு வருத்தம் இருந்தது, உடம்பெல்லாம் கட்டி வரும் என்று டீச்சர் சொன்னா, நாற்பது தலை ஒன்றாகக் கிறுகி என்னைப் பார்த்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் முதுகைப் பார்த்தேன். ஆனால் ஒல்லாந்துக்காரிக்குப் பிறகு அந்தச் சொல்லையும் விட மனமில்லை, அதையும் தோண்டினேன். பிராங்க் என்று ஒரு கூட்டம், பிரான்ஸ் பக்கம். அரபுக்காரர்களுக்கு வடக்கிலிருந்து வந்த எவனும் பிராங்க்தான், ஃபரங்கி. அது கப்பல் ஏறிக் கரை கரையாக வந்து எங்கள் வாயில் பறங்கி ஆகிவிட்டது. எனக்கும் பிரான்ஸுக்கும் என்ன? ஒன்றுமில்லை. ஒருத்தனும் எங்களைப் பார்த்து எங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. பேகர் என்று சொன்னவன் வீட்டைப் பார்த்தான், பறங்கி என்று சொன்னவன் வேறு எவனையோ நினைத்துக்கொண்டு சொன்னான். எனக்கு அது கவலையாக இல்லை, ஆச்சரியமாகத்தான் இருந்தது, சாக்குக்குள் கையை விட்டு என்ன வருகிறது என்று பார்க்கிற மாதிரி. பிறகு மூன்றாவதாக ஒன்று வந்தது, அதுதான் என்னை நிறுத்தியது.

லன்சி. சிங்களத்தில் எங்களுக்கு அதுதான் பெயர். ஹொலண்ட் என்பதில் முன்பாதி உதிர்ந்து பின்பாதி மிஞ்சியது என்று போட்டிருந்தது. நான் அந்தச் சொல்லை முதன்முதல் கேட்டபோது எனக்கு ஏழு வயது, பஸ்ஸில் டடாவின் மடியில் இருந்தேன். இப்படித்தான், இப்போது இவள் கிடக்கிற மாதிரிச் சாய்ந்துகொண்டு. சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். பக்கத்து ஆசனத்தில் நல்லரெத்தினம் மாமா, டடாவோடு ஒரே வேலைத்தளத்தில் ஒரே லேத் மெஷினில் மாறி மாறி வேலை செய்தவர், எங்களுக்கு ஐஸ் பழம் வாங்கித் தருகிறவர். ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், இரண்டு பேரையும் பார்த்தான், இரண்டு பேரும் ஒரே கறுப்பு, ஒரே கிறீஸ் படிந்த நகம், இரண்டு பேரும் பேசியது ஒரே தமிழ். "தெமளத?" என்றான், தமிழா என்று. டடா "நே, லன்சி மாத்தயா, லன்சி" என்றார், இல்லை ஐயா என்று, கையைத் தன் நெஞ்சில் வைத்து, இரண்டு தரம். இறங்கச் சொன்னது நல்லரெத்தினம் மாமாவை மட்டும்தான். பஸ் வெளிக்கிட்டபோது அவர் வரிசையில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார், டடா முன்னால் இருந்த ஆசனத்தின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாமா திரும்பி வந்துவிட்டார், ஒரு கையைத் தூக்க ஏலாமல். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்த மெஷினில் எட்டு வருஷம் வேலை செய்தார்கள், பேசவில்லை. டடா பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்காதது. உண்மையைத்தான் சொன்னார், யாரோ கப்பல்காரனுடைய ஊர்ப் பெயரில் உடைந்து விழுந்த ஒரு துண்டு, அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம், எனக்காகவும்தானே சொன்னார், மடியில் நான் இருந்தேனே. இவளுக்கும் ஒரு நாள் ஒருத்தன் பஸ்ஸில் கேட்பானா? அப்போது எந்தச் சொல் காப்பாற்றும், எந்தச் சொல் இறக்கிவிடும்? அதை இன்றைக்கு இந்தக் கந்தோரில் முப்பத்தோராம் இலக்கத்தில் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

இருபத்தெட்டு. என் அண்ணன் கிளிட்டஸ் நேற்று வந்து வாசலில் நின்றுகொண்டே சொன்னான், உள்ளே வரவில்லை. "பிள்ளைய பறங்கி எண்டு பதிய ஒண்ணாது, தெரியுமா? அது தகப்பன் வழிதான். அந்தக் காலத்துல வெள்ளைக்கார நீதவானே சொல்லிவைச்சிருக்கான், ஆம்புளைப் பக்கம் விடாம வரணும் எண்டு." அது உண்மைதான், நானும் வாசித்தேன், எத்தனை தலைமுறை போனாலும் ஆண்வழி அறாமல் இருந்தால்தானாம், பெண்வழி என்னவென்றாலும் கணக்கில்லையாம். நான் கேட்டேன், "அப்ப நான் பெத்தது என்னது அண்ண?" அவன் நிலத்தைப் பார்த்தான். "அவன் வந்து கையெழுத்து வைச்சா சிங்களம். வராட்டி ஒண்டுமில்ல. கோடு." பிறகு குரலை இறக்கி, "வராம இருந்தா நல்லம் புள்ள. பல்தசார் எண்டு வைச்சிக்கிட்டு நம்மட வீட்டுலயே வளரட்டும், ஆரு கேக்கிற?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நேரமும் சோறு கொண்டுவந்தவன் அவன்தான், நேர்ஸ்மார் தகப்பனா என்று கேட்டபோது ஓம் என்று சொல்லிவிட்டு அழுதவன். ஆனால் அவன் போனபிறகு நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தது அவனைப் பற்றி இல்லை, தகப்பன் பெயர் இடத்தில் விழுகிற அந்தக் கோட்டைப் பற்றி. அம்மாவுக்குள் ஒன்பது மாதம் இருந்து வந்தவளுக்கு அம்மாவின் சொல் வராது, ஆறு மாதமாகக் கண்ணிலேயே படாதவனுடைய சொல் ஒரு கையெழுத்தில் வந்துவிடும். இந்திகவின் அம்மாவை நினைத்தாலும் பயம் வருகிறது, நான் அவவைப் பார்த்ததே இல்லை, தொலைபேசியில் பின்னால் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன், கையெழுத்து வைத்த பிறகு ஒரு நாள் அவ வந்து எங்கள் பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்டால்? கோடு என்றால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். முப்பதும் முடியட்டும், சீக்கிரம் கூப்பிடட்டும், நான் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், அவன் வந்தால் வாசலில் வைத்து முடிந்துவிட்டது என்று சொல்லலாம், பஸ் பிந்தியது என் பிழை இல்லையே. இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கண் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அவன் வேலைக்குப் போடுகிற மாதிரி நீல ஷேர்ட் எது வந்தாலும் நெஞ்சு ஒரு தரம் எழும்பி அடங்கியது.

வந்தது நீல ஷேர்ட் இல்லை, வெள்ளை. இஸ்திரி போட்டுப் பஸ்ஸில் கசங்கிய வெள்ளை, தோளில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பத்து மணி ஐந்து நிமிஷம். என் முன்னால் நின்று என்னைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு பக்கத்து வாங்கில் இடம் இருந்தும் அதில் இருக்காமல் தரையில் குந்தினான், அவள் முகத்துக்கு நேராக, ஏசிப் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன பிழை என்று பார்க்கிற மாதிரியே. "மூக்கு உன்ட மூக்கு," என்றான் சிங்களத்தில். நாங்கள் எப்போதும் சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசுவோம். "பத்தரை எண்டுதானே சொன்ன?" என்றேன். "முந்தின பஸ்ஸில ஏறிட்டன். நித்திரை வரல்ல." "உன்ட அம்மா?" "அம்மாவுக்குச் சொன்னன். ரெண்டு நாள் பேசல்ல. இண்டைக்குக் காலையில இதைத் தந்தா." பையைத் திறந்தான். சின்னதாக ஒரு கம்பளித் தொப்பி, மஞ்சள், கையால் பின்னியது. மட்டக்களப்பு வெயிலில் கம்பளித் தொப்பி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முந்தியது என்று தெரியவில்லை. நான் ஐந்து வாரமாக வைத்திருந்த பயத்தில் இருமல் சத்தம் இருந்தது, ஊசியும் நூலும் இருக்கவில்லை. கேட்க நினைத்த எத்தனையோ இருந்தது, ஆறு மாதம் ஏன் வரவில்லை, வேலை போனதை ஏன் மறைத்தாய், இனி வருவாயா. அதை விட்டுவிட்டு என் வாய் கேட்டது, "சிங்களம் எண்டா என்ன அர்த்தம்?" அவன் பயந்துபோனான், சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு யோசித்தான். "சிங்கம். சிங்கத்துட ஆக்கள் எண்டு சொல்லுவாங்க." "நீ பாத்திருக்கியா சிங்கம்?" "தெஹிவளை சூவில, கூட்டுக்குள்ள. படுத்திருந்திச்சு." அவனும் சிரித்துவிட்டான். "உன்டது?" "ஊருக்குள்ள வீடு இருக்கிற ஆள்," என்றேன். அவன் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். "அது நல்லா இருக்கு," என்றான், "எனக்கு அது இல்ல," என்றான். அவனும் அம்மாவும் வாடகை அறையில்தான் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முப்பத்தொன்று. எழும்பும்போது கால் மரத்திருந்தது, அவன் கையை நீட்டினான், நான் பிள்ளையைக் கொடுத்தேன், யோசித்துக் கொடுக்கவில்லை, கை தானாகக் கொடுத்துவிட்டது. கவுண்டரில் இருந்தவ என் வயதுப் பெண், முக்காடு போட்டவ, விரல் வேகமாக ஓடியது. ஆஸ்பத்திரித் துண்டு, கிராம சேவகர் கடிதம், இரண்டு பேருடைய அடையாள அட்டை. "ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கிறீங்களா, தகப்பன்ட பேர் போட?" என்று கேட்டா. இந்திக என்னைப் பார்த்தான், நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான், வந்த ஆள் அவன், ஆனால் காத்திருந்தான். பத்து நிமிஷத்துக்கு முந்தி இந்த இடத்தில் ஓடிப்போக நினைத்தவள் நான். "ஓம்," என்றேன். "ரெண்டு பேரும்." அவ தட்டினா. தகப்பன்ட இனம்? சிங்களம். தாய்ட இனம்? கோட்டை, கப்பல், புண், கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த டடாவின் கழுத்து, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. "பறங்கியர் எண்டு போடவா மிஸ், பேகர் எண்டு போடவா? ரெண்டும் வாறதுதான்," என்றா அவ, அவசரமில்லாமல். "பேகர்," என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அடுத்ததற்கு மூச்சை இழுத்துக்கொண்டேன். அவ கேட்கவில்லை. வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்தா. நான்தான் கேட்டேன், "பிள்ளைட இனம்?" அவ நிமிர்ந்தா. "அது எங்க?" "பிள்ளைக்கு என்ன போடுவீங்க?" அவ திரையை என் பக்கம் திருப்பினா, விரலால் மேலிருந்து கீழே காட்டினா. "தாய்க்கு ஒண்டு, தகப்பனுக்கு ஒண்டு. பிள்ளைக்கு அப்பிடி ஒரு இடம் இல்லயே மிஸ். பேர், ஆணா பெண்ணா, பிறந்த திகதி, இடம், அவ்வளவுதான்." நான் குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். இல்லை. என்னுடைய பிறப்புப் பத்திரத்தில் தாய், தகப்பன் இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருந்ததால் அது என்னுடையது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னால் முப்பத்திரண்டாம் ஆள் செருமினார். இந்திகவுக்கு இந்த வேகத் தமிழ் பிடிபடவில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்ன சொல்றா, என்ன சொல்றா என்று கேட்டான். "பிள்ளைக்கு ஒண்டும் எழுதத் தேவையில்லையாம்," என்றேன். அவன் கேட்டான், "அப்ப இவ ஆரு?" அவள் அதற்குள் முழித்துவிட்டாள், முகம் சிவந்து, வாய் திறந்து, கந்தோர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். "பசிக்குது அவளுக்கு," என்றேன், கையை நீட்டி வாங்கினேன், அவன் கையெழுத்து வைக்கக் குனிந்தான்.